டேனிஷ்காரிக்குக் கொடை எந்த மாசம்?

நேற்று சாயங்காலம் தரங்கம்பாடியில், பேய் உலவும் வீடுகளை நடந்தே கூட்டிப்போய்க் காட்டும் டூரில் நானும் மதினியும் சேர்ந்துகொண்டோம்.

ஒரு பாழடைந்த வீட்டின் முன்னால் கைடு தம்பி குரலைத் தாழ்த்தினார். அந்தக் காலத்து டேனிஷ் கேப்டன் ஒருவன் பெண்டாட்டியை இங்கேதான் பூட்டிவைத்துக் கொன்றானாம். அவள் இன்னமும் இந்த வாசலில் அலைகிறாளாம்.

உடன் வந்த சென்னைப் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மதினி நிதானமாகக் கேட்டாள். "இவளுக்குக் கொடை எந்த மாசம் தம்பி?"

கைடு முழித்தார். சாமிக்கு வருஷா வருஷம் எடுக்கிற விழா என்று நான் விளக்கினேன்.

"இது சாமி இல்லீங்க, பேய்."

"எங்க சங்கரன்கோயில் பக்கம் அநியாயமாச் செத்தவளுக்குப் பீடம் போட்டுக் கும்பிட்டுருவோம். நீங்க ஒண்ணுமே செய்யலியே. பொறவு அவ அலையாம என்ன செய்வா?"

மதினி செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் இருந்த பிச்சிப்பூவை வாசற்படியில் வைத்துக் கும்பிட்டாள். சென்னைப் பிள்ளைகளும் செருப்பைக் கழற்றினார்கள்.

இன்று நாங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகு கைடு போன் செய்தார்.

"மேடம், அந்த வாசல்ல யாரோ சூடம் கொளுத்தியிருக்காங்க. இன்னைக்கு டூர் வந்தவங்க ஒருத்தரும் பயப்படல. வேண்டுதல் வைக்கிறாங்க. இனி என் பொழப்பு என்ன ஆகுறது?"

மதினி போனை வாங்கினாள்.

"இனி நீதான் பூசாரி. ஆடியில கொடை வச்சிரு. படையல்ல காரம் மட்டும் சேக்காத, வெள்ளைக்காரிக்குத் தாங்காது."

கொடைக்கு வருகிறவர்கள் கமெண்டில் பெயர் கொடுங்கள். வேன் பிடிக்க வேண்டும்.