லென்ஸ் இல்லை

மாமனார் வீட்டோடு அவர் வந்து சேர்ந்த பதினோரு வருடத்தில் சொந்தப் பெயர் தேய்ந்து, 'வீட்டோட மாப்பிள்ளை' என்பதே பெயராகிவிட்டது. மாமனாரின் போட்டோ ஸ்டுடியோவில்தான் வேலை. நல்ல லென்ஸெல்லாம் மச்சினனின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். மாப்பிள்ளைக்கு வெறும் கேமரா மட்டும் கொடுத்தார்கள்.

"கேமரா நான் குடுத்துட்டேன். கண்ணை அவரே கொண்டாரட்டும்" என்றார் மாமனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துவைத்தார்.

பழைய சாமான் கடையில் அவர் வயதுக்கு மூத்த லென்ஸ் ஒன்று கிடைத்தது. படிக்கல் மாதிரி கனம். நடுவில் ஒரு வளையம் போட்டுப் புதுக் கேமராவில் மாட்டினார். தானாக எதுவும் செய்யாது, கையால் திருப்பித் திருப்பித்தான் தெளிவு வரவழைக்க வேண்டும். வந்துவிட்டாலோ விரல் ரேகையை எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு தொல்லை. அந்த லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. லென்ஸ் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் கேமரா 'லென்ஸ் இல்லை' என்று எழுதிக் காட்டி, படமெடுக்க மறுக்கும். மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று மாற்றிவிட வேண்டும். மச்சினன்தான் அதை மாற்றிக் கொடுத்தான். எந்த இடத்தில் என்று இவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு டாக்டரம்மா, சுவரில் மாப்பிள்ளை எடுத்த ஒரு கையின் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் தீக்காயம் ஆறுவதை வாராவாரம் படமெடுக்க ஆள் வேண்டுமாம். மாதச் சம்பளம், வளாகத்திலேயே ஓர் அறை வீடு. "வெள்ளிக்கிழமை வந்து ஒரு தடவை எடுத்துக் காட்டுங்க. சரியா வந்தா வேலை உங்களுக்குத்தான்."

அன்று மாலை மனைவியிடம், "தனி வீடு" என்று மூன்று தடவை சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பும்போது கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கட்டிலில் ஒரு பெரியவர். வலது கை முழுக்கக் கட்டு. நர்ஸ் கட்டைப் பிரிக்கப் பிரிக்க, துணி சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் தலையணையைக் கடித்துக்கொண்டார். மாப்பிள்ளை குனிந்து, லென்ஸைத் திருப்பி, தெளிவு பிடித்து அழுத்தினார்.

லென்ஸ் இல்லை.

கழற்றி மாட்டினார். பேட்டரியை எடுத்துப் போட்டார். லென்ஸ் இல்லை.

"எடுத்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"ஒரு நிமிஷம்யா."

மச்சினனுக்குப் போன் போட்டார். "லென்ஸ் இல்லைங்குதா மாமா? பாருங்க, பதினோரு வருஷமா நாங்க சொல்லாம இருந்ததை அது பட்டுனு சொல்லிருச்சு."

"தம்பி, இங்க ஒருத்தர் உசுரு போற வலியில இருக்காரு. எங்க மாத்தணும்னு சொல்லுப்பா."

"கடையில ஆள் நிக்குறாங்க மாமா." வைத்துவிட்டான்.

மெனுவைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. எது அந்த வரி என்று பிடிபடவில்லை. கால்மணி நேரம் அந்தக் கை காற்றில் கிடந்து நடுங்கியது.

"போதும், கட்டிடுங்க" என்றார் டாக்டரம்மா நர்ஸிடம். பிறகு இவரைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க. வேற ஆளைப் பாத்துக்கறோம்."

நர்ஸ் மறுபடி கட்டுப் போட, பெரியவர் திரும்பவும் தலையணையைக் கடித்துக்கொண்டார். அதுதான் மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "உன் தம்பி என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டான்."

மனைவி தலை நிமிரவில்லை. "நாலாவது பக்கம். கீழேருந்து ரெண்டாவது வரி. அங்க மாத்துனா எடுக்கும்."

கேமரா பக்கமே போகாதவள். அவர் கேமராவைக் கையில் எடுத்தார்.

"அவனைக் கேட்டுக்கிட்டு நான்தான் எடுக்காதபடி மாத்தி வெச்சேன். அப்பாவை விட்டுட்டு ஒத்தை ரூம்ல என்னால கெடக்க முடியாது. தனி வீடு தனி வீடுன்னீங்களே, வர்றியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாலாவது பக்கம் போனார். கீழிருந்து இரண்டாவது வரி. மாற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து அழுத்தினார். சமர்த்தாக எடுத்தது. சுண்ணாம்பில் இருந்த மயிரிழை விரிசல்கூட விழுந்திருந்தது. கடவுளே, அந்தக் கையாவது ஆறட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை வந்தாச்சா? காலையில ரெண்டு பாஸ்போர்ட் படம் இருக்கு."

"சரிங்க மாமா" என்றார்.