மருந்துக் கப்பில் அளந்த விஸ்கி

கல்யாணத் தேதி குறிக்க மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று தெரிந்ததும், என் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு வரம் கேட்டாள்.

"அப்பா, அவுக முன்னாடி வாயத் தொறக்காதீக."

"சோறு திங்கக்கூடவாம்மா?"

"பாத்தீகளா? இதத்தான் சொல்றேன்."

அவள் பக்கம் நியாயம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடம், "கம்ப்யூட்டருக்கு வைரஸ் விழுதாமே, நீங்க என்ன மருந்து அடிக்கிறீக?" என்று கேட்டுவிட்டு நான் மட்டும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்வரை எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் என் மகள் தலை குனிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெண் வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் வெட்கப்பட்டது என்னை நினைத்து.

எனக்குக் கம்பம் பக்கம் கொஞ்சம் பன்னீர் திராட்சை. பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்போடு ஒருவரையொருவர் மன்னித்து விட்டுவிட்டோம். எண்களைப் படிப்பேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் மருந்து பாட்டிலின் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். இப்படிப்பட்ட ஆள், படித்த பெண்ணைப் படித்த குடும்பத்துக்குக் கொடுக்கப் போகிறேன். வாயைத் திறக்காமல் மரியாதை வாங்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்தேன். விஸ்கிதான் வழி என்று தோன்றியது.

எங்கள் பக்கம் சம்பந்திமார் வந்தால், பெண்கள் கீழே உட்கார்ந்து நகை, சீர், மண்டபம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்குவார்கள். அந்தக் காற்று பாட்டிலில் இருக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். ஆனால் சம்பந்தி முன்பே போனில் சொல்லியிருந்தார்: "எனக்கு வெறும் சரக்கு வயித்துக்குச் சேராது சம்பந்தி, எரியும். பெங்களூருக்குப் போயிருந்தப்ப எம் மகன் எலுமிச்சம்பழம், சீனிப்பாகெல்லாம் ஊத்திக் குலுக்கிக் குடுத்தான். அது மட்டும் தேவல."

அவரும் விவசாயிதான். ஆண்டிபட்டிப் பக்கம் பருத்தி. பெங்களூரில் மகன் செய்து கொடுத்ததைக் கம்பத்தில் நான் செய்து கொடுத்தால், 'சம்பந்தி விவரமான ஆளு' என்று ஊருக்குப் போய்ச் சொல்வாரா மாட்டாரா?

போனில் ஒரு மலையாளத்துக்காரர் வீடியோவைப் பிடித்தேன். இளவட்டத்தில் மேலே கேரளா மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்ததில் மலையாளம் நன்றாகப் புரியும். அறுபது எம்.எல். விஸ்கி, முப்பது எம்.எல். எலுமிச்சைச் சாறு, இருபது எம்.எல். சீனிப்பாகு, ஐஸ். மூடிவைத்துக் குலுக்கி வடிகட்டினால் தீர்ந்தது. சர்பத் போடத் தெரிந்தவன் எவனும் செய்துவிடலாம். எம்.எல்.தான் இடித்தது.

"எம்.எல்.லுக்கு நான் எங்க போக? நம்ம வீட்ல படி இருக்கு, டம்ளர் இருக்கு, கரண்டி இருக்கு. கண்ண மூடிக்கிட்டு ஊத்துங்க" என்றாள் என் மனைவி.

கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிப் பார்த்தேன். முதல் தடவை புளித்தது. இரண்டாவது தடவை பாகு கூடிப்போய், விஸ்கி ஊற்றிய ஜீராவாக இருந்தது. ஐஸில் கருவாட்டு வாசனை வேறு. பிரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே கருவாட்டுப் பொட்டலம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பொட்டலத்தை இடம் மாற்றினேன். அளவை என்ன செய்ய?

திராட்சைக்காரன் கையளவை நம்ப மாட்டான். கொடிக்கு மருந்து அடிக்கும்போது ஓர் அளவு கூடினால் இலை கருகும், குறைந்தால் சாம்பல் நோய் பிடிக்கும். வருஷம் பூராவும் எம்.எல்.லில் அளந்து அளந்தே பிழைப்பவன் நான். சமையலறையில் இல்லாத அளவு என் பம்புசெட் ரூமில் இருந்தது. பூச்சிமருந்துப் பெட்டியோடு ஓசியாக வரும் பிளாஸ்டிக் கப்பு. பத்து, இருபது, முப்பது என்று கோடு போட்டு, எனக்குப் படிக்கத் தெரிந்த எண்ணெல்லாம் அதில் இருந்தது.

அங்கே இரண்டு கப்புகள் கிடந்தன. தினமும் புழங்குகிற கப்பு மூலையில் டிரம் மேல் இருக்கும். புதுசு ஆணியில் தொங்கும். ஆணியில் தொங்கியதை எடுத்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். மூக்குக்குள் நுழைகிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்து மோந்து பார்த்தேன். புளி வாசனைதான் வந்தது. அந்தக் கப்பில் அளந்ததும் பானம் அப்படியே வீடியோவில் பார்த்த நிறத்தில் வந்து நின்றது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். அப்படி மெச்சிக்கொள்கிற நேரமெல்லாம் எனக்குக் கெட்ட நேரம் என்று இந்த வயதிலும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "வாங்க" என்றேன், "உக்காருங்க" என்றேன், அதோடு சரி. மகள் சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஆயுசு பூராவும் ஊமையாக இருந்துவிடலாம். கீழே பெண்கள் பேச்சை ஆரம்பித்தார்கள். நாங்கள் மாடிக்குப் போனோம்.

விஸ்கி, சாறு, பாகு மூன்றையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அளந்தேன். ஐஸைப் போட்டுத் தூக்குவாளியை மூடிக் குலுக்கினேன்.

"என்ன சம்பந்தி, பால்காரர் மாதிரி ஆட்டுறீக?" என்றார் அவர்.

வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு டம்ளரில் வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தார். நானும் குடித்தேன்.

"அடேயப்பா! எம் மகன் போட்டதெல்லாம் தூசி. ஒரு சொட்டு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. எப்படி சம்பந்தி?"

அங்கே நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். பெருமை சும்மா இருக்க விடவில்லை. தொட்டிக்குப் பின்னால் போய்க் கப்பை எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்கன வாங்குனீக?"

"வாங்கல, ஓசி."

"எது கூட ஓசி?"

பருத்திக்காரனுக்கு அந்தக் கப்பு தெரியாதா? அவர் வீட்டிலும் இதே கப்பு கிடக்கும். எனக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் என் வாய் எப்போதும் என்னைக் கேட்டு வேலை செய்வதில்லை.

"அட விடுங்க சம்பந்தி. சுண்டுவெரல் தண்டி திராட்சக் கொடியே தாங்குது, நாம தாங்க மாட்டமா?"

அவர் சிரிக்கவில்லை. உதட்டைத் துண்டால் துடைத்தார். துடைத்த துண்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மகள் தட்டில் கோழி வறுவலோடு படியேறி வந்தாள். வரப்போகும் மாமனார் கையில் கப்பு. அவளுக்கு ஒரு பார்வை போதும். தட்டைச் சுவர் மேல் வைத்தாள்.

"அப்பா, இது புதுசா, பொழங்குனதா?"

ஆணியில் தொங்கியது புதுசுதான். ஆனால் போன வாரம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது அவசர அவசரமாக மருந்து கலந்தேன். கைக்குக் கிடைத்த கப்பில் அளந்தேன். எந்தக் கப்பை எடுத்தேன்? வேலை முடிந்ததும் எதை ஆணியில் மாட்டினேன்? எவ்வளவு யோசித்தும் மழை ஞாபகம் வந்தது, கப்பு ஞாபகம் வரவில்லை.

'புதுசு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சம்பந்தி வறுவலை எடுப்பார். கீழே தேதி முடிவாகும். மகளும் நம்புவாள், நம்பத்தான் ஆசைப்பட்டுக் கேட்டாள். அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஆனால் மருந்து வயிற்றுக்குள் இருந்தால், என் பேச்சைக் கேட்டு அது சும்மா இருக்காதே.

"தெரியலம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது தெருவுக்கே தெரியும். சம்பந்தி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் விரலை விட்டார். கீழே வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்கார அம்மா, "ஆத்தா!" என்று அலறியதில் தெரு கூடிவிட்டது. அவர்கள் வந்த வாடகைக் காரிலேயே எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். சம்பந்தியம்மாவும் என் மனைவியும் மகளும் கூடவே ஏறிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா மடியில் தாம்பூலத் தட்டு இருந்தது. இறக்கி வைக்க மறந்து அப்படியே எடுத்து வந்திருந்தார். கார் குலுங்கும்போதெல்லாம் வெற்றிலை நழுவியது. என் மனைவி அதைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா குடிச்சீக? வீட்ல என்னண்ணே பிரச்சன?"

"பிரச்சன ஒண்ணுமில்லம்மா, சந்தோசத்துலதான் குடிச்சோம்" என்றேன்.

இது ஜோக் இல்லை, உண்மை. ஆனால் அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் உண்மையிலேயே மருந்தைக் குடித்திருக்கலாம்.

என் மகள்தான் முன்னால் வந்து நடந்ததைச் சொன்னாள். முதலில் நர்ஸிடம். அப்புறம் டாக்டரிடம். அப்புறம், இப்படிப்பட்ட கேஸ் வந்தால் ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதால் வந்து நின்ற போலீஸ்காரரிடம். "எங்க அப்பா பூச்சிமருந்து அளக்குற கப்புல விஸ்கிய அளந்துட்டாக." ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்கள். குழாயை விட்டு வயிற்றைக் கழுவியபோதுகூட எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. அவள் போலீஸ்காரரிடம் சொன்னபோது வந்தது. குழாய் எரிச்சல் என்று சமாளித்தேன்.

அதற்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. தேதி ஒத்துவராமல் சண்டை வந்து, சம்பந்திமார் இருவரும் மருந்தைக் குடித்துவிட்டார்களாம். வார்டு வாசலிலேயே அழுதுகொண்டு வந்த என் சித்தி மகள், "பொண்ணப் பெத்தவுக விட்டுக்குடுத்துப் போகக்கூடாதா அண்ணே?" என்று என் காலைப் பிடித்தாள். பக்கத்துக் கட்டிலில் சம்பந்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தபோது, "ஒண்ணுமில்லடா, சாப்பாடு சேரல" என்று சொன்னார். அவர் எனக்காகப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கப்பு புதுசாக இருந்திருக்கலாம், புளி போட்டுத் தேய்த்தது காப்பாற்றியிருக்கலாம். இன்றுவரை தெரியாது. காலையில் டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். மகள் குளுக்கோஸ் கம்பிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள். என் மனைவிதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"மதினி, தேதி..."

"வீட்டுக்குப் போயிப் பேசிக்கிருவோம்" என்றார் சம்பந்தியம்மா.

அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் பேசிய எல்லாருக்கும் தெரியும். மகள் நிமிரவில்லை. சம்பந்தி எழுந்து உட்கார்ந்தார். குழாய் விட்டதில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"எதுக்கு வீட்டுக்குப் போயிக்கிட்டு? இங்கனயே குறிச்சிருவோம்."

"ஏங்க!" என்றார் சம்பந்தியம்மா.

"நீ இரு. புள்ளயப் பாத்தேல்ல? ராத்திரி பூரா கண்ணு மூடல. நம்ம வீட்டுக்கு இதவிட நல்ல புள்ள கெடைக்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா சம்பந்தி, ஒரே ஒரு கண்டிசன். கல்யாணத்தன்னைக்கி நீங்க பந்திப் பக்கம் வரக்கூடாது. தண்ணி டம்ளரக்கூடத் தொடக்கூடாது."

வார்டே சிரித்தது. நர்ஸ் சிரித்தார். சம்பந்தியம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் நான் சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

தேனியில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பா பந்தி வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். போதும் போதும் என்கிறவர் இலையில் இன்னொரு கரண்டி விழச் செய்ய வேண்டும். அதற்காகவே பெண்ணைப் பெற்றதுபோல ஓடியாடுகிறவர்கள் எங்கள் ஆட்கள். மாப்பிள்ளை தாலி கட்டியதும் நான் மேடையிலிருந்து இறங்கி, வெளியே கார்கள் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டினேன். "பந்தில ஆளக் காணோமே?" என்று கேட்டவர்களிடம், "உள்ள புழுக்கம்" என்றேன்.

மூன்றாவது பந்தி முடிகிற நேரம் சம்பந்தி என்னைத் தேடி வெளியே வந்தார். பட்டு வேட்டியில் வியர்த்துப்போயிருந்தார்.

"என்ன சம்பந்தி, இங்கன நிக்கிறீக? அன்னைக்கி நான் வெளாட்டுக்குச் சொன்னேன்ல?"

"நானும் வெளாட்டுக்குத்தான் நிக்கிறேன்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே வாங்க என்று கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட வாயெடுத்தார். அப்போது ஒரு வேன் வந்து திரும்பியது. நான் கையைக் காட்டிக்கொண்டு அதன் பின்னால் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் உள்ளே போயிருந்தார்.