கொப்பியில் இல்லாத நாள்

என் மனைவியின் கைபேசியைத் திறக்கும் இலக்கம் எங்கள் கலியாணத் தேதியாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் பள்ளிமுனையில் யாருக்காவது ஞானஸ்நானத் தேதி மறந்தால், நான் தேதிகளை எழுதிவைக்கும் கொப்பியை வாங்கித்தான் பார்ப்பார்கள். அதன் முதல் பக்கத்திலேயே எங்கள் கலியாணமும் இருக்கிறது.

போன கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் கைபேசி அடையாள அட்டையோடு பஸ்ஸில் களவுபோனது. எடுத்தவர்கள் அட்டையிலிருந்த பிறந்த தேதியைப் போட்டே திறந்துவிட்டார்கள். அதைக் கேட்டதும் என் மனைவி கலங்கிப்போனாள். கனடாவிலிருந்து மகள் அழுதும் சிரித்தும் அனுப்பிய குரல்பதிவுகள் எல்லாம் அவள் கைபேசியில்தான் இருக்கின்றன. அவற்றை அந்நியர் கேட்பதை அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

“இலக்கத்தை மாத்திப்போட்டன்,” என்றாள். “உங்கட கொப்பியில இல்லாத நாள்.”

“அப்பிடி ஒரு நாளோ?”

“மடு மாதா கோயில்ல உங்களை நான் முதல் கண்ட நாள். அண்டைக்கு நீங்கள் என்னைக் காணேல்ல.”

“எந்தத் தேதி?”

“சொன்னால் எழுதிப்போடுவியள்.”

கையிலெடுத்த பேனையை மூடி வைத்தேன்.