மருதோன்றி விரல்

சென்ற வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். சாவி கையில் இருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கிழக்கு வானம் கறுத்துக் கிடந்தது.

மற்ற ஊர்களில் மேகம் கறுத்தால் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். எங்கள் புத்தளத்தில், அதுவும் ஒக்டோபர் மாதத்தில், ஊரே எழுந்து ஓடும். உப்பு விளைந்து பாத்திகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற காலம் இது. ஒரு நல்ல மழை விழுந்தால் போதும்... மாதக்கணக்கில் வெயில் சமைத்தது அரை மணி நேரத்தில் மறுபடியும் தண்ணீராகிவிடும். அதனால் உப்பளத்தில் யாருக்கெல்லாம் ஒரு மச்சானோ மாமாவோ இருக்கிறாரோ அவர்கள் எல்லாரும் போயாக வேண்டும். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, மாப்பிள்ளை உட்பட!

என் மனைவியின் அண்ணன் மீராசாவுக்கு உப்பளம் இருக்கிறது. சாவியைக் கடிகாரத்திலிருந்து எடுப்பதற்குள் அவருடைய குரல் வாசலில் கேட்டது.

"மச்சான்! மேகத்தப் பாத்தீங்களா? ஆளுக்கொரு பலகை தூக்குங்க!"

நான் சட்டையைக் கழற்றினேன். பின்னால் யாரோ சாரத்தை மடித்துக் கட்டும் ஓசை. திரும்பிப் பார்த்தால் – என் மகன் காசிம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். கொழும்பில் துறைமுகக் கந்தோரில் வேலை. ஆனால் அது சம்பளத்துக்கு. அவனுடைய உண்மையான தொழில் இலங்கை அணிக்காக வேகப்பந்து வீசுவது. இரண்டு முறை இந்தியாவுக்குப் போய் வீசியிருக்கிறான். போன வருடம் தோள்பட்டை பிசகி, மாதக்கணக்கில் சும்மா இருந்து, அணியிலிருந்து விலக்கப்பட்டு, இப்போதுதான் திரும்பவும் சேர்த்திருந்தார்கள்.

எதற்காகச் சேர்த்தார்கள்? ஆஸ்திரேலியாவுக்குப் போகிற இங்கிலாந்து அணியின் கப்பல் சனிக்கிழமை கொழும்பில் நங்கூரம் போடுகிறது. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவர்களோடு நம் அணிக்கு ஒரு மாட்ச். மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். அடுத்த கப்பல் வருவதற்குப் பல வருடங்கள் ஆகும். வேகப்பந்து வீச்சாளனுக்கு அவ்வளவு காலம் ஆயுள் கிடையாது. அவனுக்கு வயது இருபத்தேழு. தோள் ஏற்கெனவே ஒரு தடவை எச்சரித்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை வீசினால் வீசியது... இல்லாவிட்டால் துறைமுகக் கந்தோர்தான்.

பெரிய மாட்சுக்கு முன் வீட்டுக்கு வந்து உம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். அப்படித்தான் வந்திருந்தான். வெள்ளி காலை ரயிலில் திரும்ப வேண்டும்.

"நீ வேணாம்டா. உன்ட கை..." என்றேன்.

"என்ன வாப்பா கதை இது? ஊரே ஓடுது. நான் மட்டும் ஜன்னலால எட்டிப் பாத்துக்கிட்டு ஈக்கவா?"

சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டான். மீராசாவின் உப்பில் வளர்ந்த பிள்ளை அவன். கொழும்பில் அவனைப் படிக்க வைத்ததில் பாதி அந்த மாமா. எப்படி நிற்பான்?

உப்பளத்தில் பேச நேரமில்லை. நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையால் உப்பை இழுத்து வரம்புக்குக் கொண்டுவர வேண்டும். கூடையில் அள்ளி மேட்டில் குவிக்க வேண்டும். குவியலைத் தென்னோலைக் கிடுகால் மூட வேண்டும். இடி நெருங்கி வந்துகொண்டே இருந்தது. காசிம் இரண்டு ஆள் வேலை செய்தான். கடைசிக் கிடுகை இழுத்துக் கட்டும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. மீராசா சிரித்தபடி மருமகனின் முதுகில் ஓங்கி அறைந்தார்.

"இங்கிலீசுக்காரன் தோத்தான்டா! இந்த வேகத்துல எறிஞ்சா எவன் நிப்பான்?"

காசிம் சிரிக்கவில்லை. வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. பெருவிரலின் பக்கமும் அப்படியே. பழக்கம் விட்டுப்போன கையில் கழி உரசியிருக்கிறது. அதன்மேல் உப்புத் தண்ணீர்! மற்றவர்களுக்கு அது ஒரு காயமே இல்லை. ஆனால் வேகப்பந்து வீச்சாளனின் சொத்து என்ன? வீடா, காணியா? இரண்டு விரல். பந்தின் தையலைக் கடைசியாகத் தொட்டு அனுப்புவது அந்த இரண்டு விரலின் நுனிதான். துடுப்பாட்டக்காரனைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் பிள்ளை கையுறை போட்டுக்கொள்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அவன் கையைப் பார்த்தாள். நேரே கொல்லைக்குப் போய், மற்ற ஊர்களில் மருதாணி என்பார்களே, அந்த மருதோன்றி இலையை உருவிக்கொண்டு வந்தாள். உப்பளத்துக் குடும்பங்களில் இதுதான் வழக்கம். உப்புத் தின்ற கைக்கும் காலுக்கும் மருதோன்றி. எரிச்சல் அடங்கும், தோல் இறுகும் என்பார்கள். அவளுடைய வாப்பாவின் பாதங்கள் உப்புக் காலம் முழுக்கச் சிவந்தே இருக்கும். மாலை மஃரிப் தொழுகை முடிந்து நான் வந்தபோது காசிம் வாங்குப் பலகையில் சாய்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் அரைத்த விழுதை விரல் விரலாக அப்பி, ஆமணக்கு இலை சுற்றி, துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எரியுதா மவன்?"

"இல்ல உம்மா. குளிர்ச்சியா ஈக்குது."

எனக்கும் மனம் குளிர்ந்தது. மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். மூன்று பேருக்கும் ஒரு விஷயம் மட்டும் தோன்றவில்லை.

விடிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கட்டை அவிழ்த்தோம்.

கொப்புளம் அமுங்கியிருந்தது. வீக்கம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மூன்று விரலும்... எப்படிச் சொல்வேன்? மருதோன்றி வைத்து நிக்காஹ் எழுதப் போகிற மாப்பிள்ளையின் விரல் மாதிரி, செக்கச் செவேல்!

இங்கிலாந்து அணிக்கு முன்னால், கவர்னர் துரை வந்து உட்காரப் போகிற மைதானத்தில், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, சிவந்த விரல்கள்.

தேசிக்காய்ப் புளி தேய்த்தோம். சாம்பல் தேய்த்தோம். நான் மண்ணெண்ணெயை எடுத்தேன், மனைவி பிடுங்கிக்கொண்டாள். தேய்க்கத் தேய்க்க நிறம் இன்னும் பளபளவென்று எடுத்தது. வழியனுப்ப வந்த மீராசா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடுத்த கையிலயும் பூசி விடுங்க. சோடி சரியா ஈக்கும்."

"நீங்க பேசாதீங்க நானா! எல்லாம் உங்கட உப்பால வந்தது" என்று அண்ணனை அடக்கினாள் அவள்.

பிறகு மகன் பக்கம் திரும்பி, "கைய ஆருக்கும் காட்டாத, என்ன?" என்றாள்.

"கையக் காட்டாம பந்து எப்பிடி உம்மா எறியிற?"

கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ரயில் ஏறினான். ஜும்ஆ கொழும்பில் தொழுவதாகச் சொன்னான். ரயில் நகர்ந்தபோது பழக்கத்தில் வலது கையை எடுத்து ஆட்டினான். பிளாட்பாரத்தில் நின்ற ஒரு பெண் பிள்ளை அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பெரிய மைதானம் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிள்ளை பந்து வீசும் நாளில் பெற்றவர்கள் செய்யக்கூடிய வேலை எதுவும் உலகத்தில் இல்லை. நான் சரியாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்துக்கு மறுபடியும் சாவி கொடுத்தேன். அவள் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கறியில் உப்புப் போட மறந்தாள். உப்புக்காரர் வீட்டில்!

மாலை ரயிலில் உமர் நானா வந்து இறங்கினார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். சரக்கு எடுக்கக் கொழும்பு போனவர், நம்ம பையன் ஆடுகிறானே என்று மைதானத்துக்கும் போயிருக்கிறார். ரயில் நிலையத்தில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"மாஸ்டர்... மனசத் தளர விடாதீங்க."

இப்படித் தொடங்கினால் யாருக்கு மனசு தளராது?

"தூரத்துல நிண்டுதான் பாத்தன். காசிம் பந்து எறிய வந்தான். ஒண்டு ரெண்டு பந்துதான். அம்பயர் மறிச்சிட்டாரு. ரெண்டு பக்கத்துக் கேப்டன்மாரும் ஓடி வந்து சுத்தி நிண்டு அவன்ட கையப் பாத்தாங்க. செவப்பா ஈந்திச்சி மாஸ்டர். பொறகு தலையக் குனிஞ்சிக்கிட்டு வெளிய போனான்."

"போய்?"

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சி."

"நானா, அது ரத்தமா, மருதோன்றியா?"

"செவப்பு" என்றார் உமர் நானா.

வேறு மாதிரிக் கேட்டேன். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். பதில் அதே 'செவப்பு'தான்.

நீங்களே சொல்லுங்கள், இதில் எது மேல்? ரத்தம் என்றால் விரல் வெடித்துவிட்டது, மாட்ச் போயிற்று. மருதோன்றி என்றால் கையில் எதையோ பூசிக்கொண்டு வந்து பந்தைக் கெடுத்தான் என்ற பழி... அப்போது மாட்ச் மட்டுமா போகும்? பேரும் போகும். நான் ரத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். என்ன தகப்பன் பாருங்கள்! உடனே இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா சொல்லிக்கொண்டேன்.

"நான்தானே பூசினன்" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். தஸ்பீஹ் மணியை மறுபடியும் கையில் எடுத்தாள்.

தந்தி கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தபால் கந்தோர் பூட்டு. மீராசா வந்தார், வழக்கமான பகிடி எதுவும் விடாமல் மூலையில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். ஓயாமல் பேசுகிற மனிதர் பேசாமல் இருப்பதைப் போல் பயங்கரம் வேறு இல்லை.

ஞாயிறு மாலை ரயில் கூவியது. கொழும்பிலிருந்து யாராவது செய்தியோடு இறங்குவார்கள் என்று ரயில் நிலையத்துக்குப் போக எழுந்தவன், தயங்கி ஜன்னலடியிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் காசிம் தெரிந்தான். கூடவே ஒரு நெடிய வெள்ளைத்தோல் ஆள். ஐயோ, போலீஸா? அதிகாரியா? பிள்ளையைக் கையோடு கூட்டி வருகிறார்களா?

மனைவி வாசலுக்கே ஓடிவிட்டாள். மகனின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். மூன்று விரலும் சிவப்பு. வெடிப்பு இல்லை, ரத்தம் இல்லை. நல்ல, முழுமையான, மருதோன்றிச் சிவப்பு.

"உன்ன ஏன்டா வெளிய அனுப்பினாங்க?" என்று கத்தினேன்.

"வாப்பாக்கு ஆரு சொன்ன?"

"உமர் நானா!"

காசிம் விழுந்து விழுந்து சிரித்தான். நடந்தது இதுதான். சிவந்த விரலைக் கண்ட அம்பயர், அது சாயமா, மருந்தா, பந்தில் ஒட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவன் மருதோன்றி என்றிருக்கிறான். அதற்கு இங்கிலீசு வார்த்தை அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். கழுவிவிட்டு வந்தவனின் விரலை, இங்கிலாந்துக் கேப்டனே தன் வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாராம். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. சரி, வீசு என்றுவிட்டார்கள். அவன் வீசினான். கைக்குட்டைக் கேப்டனின் நடு ஸ்டம்பையே பெயர்த்துவிட்டான்! மழை வந்து ஆட்டத்தை முடித்து வைக்கும் வரைக்கும் நம் கேப்டன் அவன் கையிலிருந்து பந்தை வாங்கவில்லையாம். அடுத்த இந்தியப் பயணத்துக்குத் தயாராக இரு என்று தோளில் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

உமர் நானா இன்னும் ஒரு ஓவர் நின்று பார்த்திருக்கக் கூடாதா? வாசகர்களே, பாதியில் எழுந்து போகிறவர்களிடம் செய்தி கேட்காதீர்கள். நம்முடைய கவலைகளில் முக்கால்வாசி அவர்கள் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். மீராசா என் தொடையில் அடித்து, "நான் சொன்னனே! எவன் நிப்பான்?" என்றார். எங்கள் உப்புக் குவியலும் கிடுகுக்குள் பத்திரமாக இருந்தது. மழை இங்கே எங்களை ஓட வைத்தது, அங்கே அவனை ஓய வைத்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பான்?

அப்போதுதான் அந்த நெடிய ஆள் இன்னும் வாசலிலேயே நிற்பது நினைவுக்கு வந்தது. போலீஸ் இல்லை. காசிமுக்கு எதிர்முனையில் இருந்து பந்து வீசுகிற டெரிக். மட்டக்களப்பில் பிறந்த, ஐரோப்பிய வம்சத்துப் பறங்கி இளைஞன், தமிழ் தாய்மொழி மாதிரி. வெள்ளிக்கிழமை மாலையில் காசிமின் விரலைக் கண்டதிலிருந்து சனிக்கிழமை பகல் வரை 'புது மாப்பிள்ளை, புது மாப்பிள்ளை' என்று இவனைப் பாடாய்ப் படுத்தியது இந்தப் பயல்தானாம். பிற்பகல் ஆட்டத்தில் டெரிக்கின் விரல் கொப்புளம் வெடித்து, பாதி ஓவரில் வெளியே போயிருக்கிறான்.

என் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "உள்ள வாங்க மவன், ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்றாள்.

அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். இந்தியப் பயணத்துக்குள் ஆற வேண்டிய அந்த வலது கையை, கட்டை அவிழ்த்து, அவள் முன்னால் நீட்டினான். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான்:

"உம்மா, என்னையும் ஒருக்கா மாப்பிளையாக்கி உடுங்க."