லோகு எழுந்து போகமாட்டாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது லோகேஸ்வரியின் செய்தியைத்தான். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து இரண்டே இரண்டு எண்கள் அனுப்புவாள். முதல் எண் அவளுடைய கால்பந்து அணி போட்ட கோல், அடுத்தது எதிரணி போட்டது. பெரும்பாலும் இரண்டாவதுதான் பெரிதாக இருக்கும். போன மாதம் ஒரு ஞாயிறு எதுவும் வரவில்லை. திருச்சானூர் வீட்டில் காபியை ஆற்றிக்கொண்டே, “இன்னா, சொல்லவே வெக்கமா இருக்குதா? எத்தன வாங்கினீங்க?” என்று அனுப்பிவைத்தேன். மதியம் பதில் வந்தது. அவள் போனிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தவர் டோரத்தி, மைதானத்தில் பத்து வருடமாக அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த மூதாட்டி. லோகு வெள்ளிக்கிழமை மாலை இறந்துவிட்டாள், அவள் வேலை பார்த்த அதே மருத்துவமனையில்.

சித்தூரில் எங்களோடு நர்சிங் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணீரோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. அவளுக்கு நான் கடைசியாகச் சொன்னது ஒரு கேலி. கோபம் அங்கேயிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் மேலும் போய் விழுகிறது.

உங்களுக்கு அவளை நினைவிருக்கும். நகரியில் விசைத்தறி வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததால் தணிந்து பேசவே வராது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாகாலாவில் ரயில் நின்றுவிட்டால், நாம் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். அவள் மட்டும் ஜன்னலோரம் அசையாமல் இருப்பாள். “டிக்கெட்டு ரயிலுக்குத்தானே எடுத்தோம்?” என்பாள். நாம் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் போய்ச் சேருவாள். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் நாங்கள் இருவரும் ஒன்றாக இங்கிலாந்து போனோம். வடக்கே ஒரு சின்ன ஊர். போன முதல் சனிக்கிழமை, அறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கத்தும் சத்தம் கேட்டது. தேர்தல் முடிவு அன்று கேட்கிற மாதிரி இருந்தது. கலவரம்தான் என்று முடிவு செய்து, நான் கதவைத் தாழிட்டு அதற்கு முன்னால் பெட்டியையும் நகர்த்தி வைத்தேன். லோகு பெட்டியைத் தள்ளிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மருத்துவமனைக்குப் பின்னாலேயே கால்பந்து மைதானம் இருந்தது. பெரிய கிளப் ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில்கூட வராது.

அவளுடைய வார்டில் எட்டாம் படுக்கையில் ஒரு முதியவர் இருந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட கேஸ். நாற்பது வருடம் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவராம். இரண்டு எண்ணைச் சொன்னால் அவருக்குப் போதாது. யார் கொடுத்தான், யார் அடித்தான், ரெஃப்ரி என்ன பண்ணினான் என்று கேட்பார். பதில் சொல்வதற்காகவே லோகு டூட்டி முடிந்து மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. முதல் நாள் எதிரணி கோல் போட்டதும் எழுந்து நின்று கைதட்டிவிட்டாள். கோல் என்றால் கோல்தானே என்று நினைத்தாளாம். பார்வையாளர் ஸ்டாண்ட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த டோரத்திதான் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் ஸ்கார்ஃபை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். முதியவர் இரண்டு மாதத்தில் போய்விட்டார். லோகு போவதை நிறுத்தவில்லை.

அந்த அணி தோற்கிற அணி. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எண்பதாவது நிமிடத்திலேயே பாதிப்பேர் எழுந்து கார் எடுக்கப் போய்விடுவார்கள். இவள் கடைசி விசில் வரைக்கும் இருப்பாள். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குளிரில் கால் மரத்துப்போய், போகலாம் என்று நான் எழுந்தேன். அவள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “ஜெயிக்காதுன்னு தெரிஞ்சதும் எழுந்து போறதுக்கு நாம இன்னா டாக்டரா? நாம நர்சு, கீதா. உக்காரு.”

அன்றைக்குத்தான் அது நடந்தது. பின்வரிசைக்காரன் ஒருவன் ஆட்டம் முழுவதும் எங்களைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எதிரணியின் நான்காவது கோல் விழுந்ததும் எழுந்து, எங்கள் பக்கம் குனிந்து, உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லோகு திரும்பி, அவனுடைய மொழியிலேயே, தறிச் சத்தத்தில் பேசுகிற அதே குரலில் பதில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “எழுந்து போறது நீ. நான் இங்கதான் உக்காந்துக்கினு இருக்கறேன்.” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் படியிறங்கிப் போய்விட்டான். ஏற்கெனவே போவதற்குத்தானே எழுந்திருந்தான், வேறென்ன செய்வான்?

மூன்றாவது வருடம் நானும் எழுந்து ஊருக்கு வந்துவிட்டேன். குளிர், தனிமை, அந்த முணுமுணுப்புகள் என்று காரணங்கள் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவள் மேலும் எனக்குக் கோபம். நான்கு மாதமாக வயிற்றுவலி இருந்திருக்கிறது. நோயாளிகளிடம் ஆரம்பத்திலேயே வந்து காட்டக்கூடாதா என்று சண்டை போடுகிறவள், தனக்கு வாயுத் தொல்லை என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டி பார்த்திருக்கிறாள். எனக்கு வாராவாரம் கோல் கணக்கு அனுப்பினாளே, வலிக்கிறது என்று ஒரு வரி அனுப்பியிருக்கக்கூடாதா? ஆற மாட்டேன் என்கிறது.

உடல் நகரிக்கு வந்தது, எரித்தார்கள். கருமாதிக்கு ஃபிளெக்ஸ் வைக்க நல்ல படம் வேண்டும் என்று அவளுடைய பெரியண்ணன் மணி கேட்டார். டோரத்தி எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். கழுத்தில் ஸ்கார்ஃப், குளிரில் சிவந்த மூக்கு, கோல் விழுந்த சந்தோஷத்தில் அகலத் திறந்த வாய். அதைவிட அவளைப் போன்ற படம் உலகத்தில் இல்லை.

கருமாதி அன்று போய் இறங்கினேன். தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ். முகம் அவளுடையது. கழுத்தில் ஸ்கார்ஃப் இல்லை. அந்த இடத்தில் இரண்டு சரம் தங்க ஆரமும் பட்டுப்புடவையும் இருந்தன. மூக்கின் சிவப்பைக் காணோம். திறந்திருந்த வாயைக்கூட மூடி, லேசாகச் சிரிக்க வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது யாராலும் மூட முடியாத வாய் அது. மணியண்ணனிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், தங்கையை நினைத்து அழுது கண் வீங்கியிருந்தது. “நாலு பேரு பாக்கற எடம்மா. துண்டப் போட்டுக்கினு கத்தற மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? கல்யாணம் பண்ணிக்காம பந்து பாத்துக்கினு இருந்துச்சின்னு ஏற்கெனவே பேசறாங்க” என்றார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை அங்கே மைதானத்தில் நடந்ததை டோரத்தி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். இறந்தவருக்கு என்ன வயதோ, அந்த நிமிடத்தில் ஆட்டம் நடக்கும்போதே எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் கைதட்டுவது அவர்கள் வழக்கம். லோகுவுக்கு நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்றாம் நிமிடம் ஸ்டாண்ட் முழுவதும் எழுந்து நின்றது. பெரிய திரையில் அதே படம், ஸ்கார்ஃபோடு, திறந்த வாயோடு. அதைப் பார்த்தும் எனக்கு மனம் நிறையவில்லை. அந்தக் கூட்டத்தில் பின்வரிசைக்காரனும் நின்று கைதட்டியிருப்பான் அல்லவா? இருக்கும்போது போ என்று சொல்லிவிட்டு, போன பிறகு தட்டுகிற கை யாருக்கு வேண்டும்?

கருமாதிப் பந்தலில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, அவளோடு படித்தவள் என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து யாரோ இலை போட்டாயிற்று என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான், நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. முன்வரிசையே எழுந்துவிட்டது. கண்ணெதிரே எண்பதாவது நிமிடம்.

“உக்காருங்க” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. “இன்னும் முடியல. எழுந்து போறவங்கள அவளுக்குப் பிடிக்காது.”

பாதிப்பேர் உட்கார்ந்தார்கள், பாதிப்பேர் போனார்கள். நான் உட்கார்ந்தவர்களுக்குச் சொன்னேன். எட்டாம் படுக்கையைச் சொன்னேன், எதிரணிக்குக் கைதட்டியதைச் சொன்னேன், பின்வரிசைக்காரனுக்கு அவள் கொடுத்த பதிலைச் சொன்னேன். தெருமுனையில் நிற்பது அவளில்லை என்பதையும் சொன்னேன். மணியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடித்துவிட்டு இறங்கியபோது, தூணோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா என்னைக் கூப்பிட்டார். மகள் இங்கிலாந்தில் என்ன பார்த்தாள், என்ன பேசினாள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

“அன்னிக்கி அவங்க ஜெயிச்சாங்களாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல நைனா. நாலு வாங்கினாங்க. ஒண்ணுகூடப் போடல.”

“அப்பவும் பாப்பா உக்காந்துக்கினு இருந்துச்சா?”

“கடசி வரைக்கும் இருந்தா நைனா.”

தலையை ஆட்டிக்கொண்டார். இலை போட்டு வெகுநேரம் ஆகியும் அவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் திருப்பதியில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போய் அதே படத்தைக் கொடுத்தேன். கடைக்காரர் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கழுத்துத் துண்டை எடுத்துவிட்டு ஒரு செயின் போடட்டுமா, வாயையும் கொஞ்சம் சரிசெய்துவிடலாம் என்று தெலுங்கில் அன்பாகத்தான் கேட்டார். அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சொன்னேன். பயந்துவிட்டார், பாவம். அச்சடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் படத்தையும், அந்தக் கோபத்தையும்தான். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், நர்சுகளின் ஓய்வறைச் சுவரில் அதை மாட்டியிருக்கிறேன். யார் இது, இப்படிக் கத்துகிறாரே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். லோகு, என்னோடு படித்தவள், எழுந்து போகாதவள் என்று சொல்கிறேன். வாய் திறந்தேதான் இருக்கிறது.