அழிப்பதற்கு முன் படித்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷூ கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. ஒருவரையும் ஏற்றாமல் திரும்பிப் போயிற்று. நான் பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். டிபன் பையைத் தோளில் மாட்டியபடி ஏழெட்டுப் பெண்கள் சுவரோரம் அப்படியே நின்றிருந்தார்கள்.

“இன்னாம்மா, வண்டிய வுட்டுட்டீங்களா?” என்று கேட்டேன்.

“நாங்க தான் அனுப்பிட்டோம் சார். ரோஸ்லினக்கா போய்ட்டாங்க. விடியக்கால நெஞ்ச வலிக்குதுன்னாங்களாம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிச்சி” என்றாள் ஒரு பெண்.

எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு ஒரு எண்ணம். ரோஸ்லினைப் பற்றி நம் ஊரில் பாதிப் பேர் ஒரு தவறான எண்ணம் வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தும் உண்மை என்னிடம் இருக்கிறது. சொல்லட்டுமா என்று அவரிடம் பல முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றார். இனி கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் அவரை அறிந்த உங்களுக்கு, கேட் தெருவுக்கும் டேங்க் தெருவுக்கும் சேர்த்தே, இதை எழுதுகிறேன்.

ரோஸ்லின் பத்தொன்பது வருடம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். லாரி ஓட்டிய கணவர் இறந்த பிறகு, ஒரே மகளை நர்சுக்குப் படிக்கவைத்து வேலூருக்கு அனுப்பினார். பேரூராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, அவர் தையல் வரிசையில் இருந்த பெண்களே அவரை நிறுத்தி ஜெயிக்கவைத்தார்கள். வார்டில் இரண்டு தெரு. ரயில்வே கேட் ஓரம் ஒன்று, தண்ணீர் டேங்க் ஓரம் ஒன்று. இரண்டிலும் பையன்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு ‘கேட் பாய்ஸ்’, ‘டேங்க் பாய்ஸ்’ என்று சுவர் முழுக்க எழுதுவார்கள். எழுத்தில் ஆரம்பிப்பது கடைசியில் பட்டாக்கத்தியில் போய் நிற்கும்.

பேரூராட்சிக் கூட்டத்தில் இதைப் பேசிய அன்று, பள்ளியின் சார்பில், அங்கே தமிழாசிரியராக இருந்த நானும் போயிருந்தேன். சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ‘இங்கே எழுதாதே’ என்று பெரிதாக எழுதிவிடலாம் என்றார் செயல் அலுவலர். ரோஸ்லின் எழுந்தார். “சார், இவனுங்க எழுதறது டேனரியில இருந்து எடுத்துனு வர்ற சாயம். தோலுக்கு ஏத்தற சாயம் அது. மேல சுண்ணாம்பு அடிச்சா ஒரு மழைக்கு அப்டியே மேல வந்துடும். அதுவும் இல்லாம, எழுதாதேன்னு நாமளே செவுத்துல எழுதினா இன்னா சார் அர்த்தம்?” எல்லோரும் சிரித்தார்கள், அலுவலர் உட்பட. அப்படியானால் என்னதான் செய்வது என்று அவர் கேட்டதற்கு, “அழிக்கலாம் சார். படிச்சிட்டு அழிக்கலாம்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை அன்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது இரண்டு வாரம் கழித்து. டேங்க் தெருச் சுவரில் இப்படி எழுதியிருந்தது: ‘லைட் இல்லாத ஏரியா. தில் இருந்தா உள்ள வா.’ நாங்களெல்லாம் அதை மிரட்டல் என்றோம். ரோஸ்லின் என்னைக் கூட்டிப்போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, “நல்லா பாருங்க சார். லைட் இல்லன்னு மனு குடுத்திருக்கான். மனுன்னு அவனுக்கே தெரியல” என்றார். பத்து நாளில் அந்தத் தெருவுக்கு நான்கு விளக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் துப்புரவு மேஸ்திரியை அழைத்துப்போய் அந்த எழுத்தைத் தேய்த்து அழித்தார். அவரும் ஒரு பிரஷ் எடுத்துக்கொண்டு தேய்த்தார்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். மாணவன் என்ன சொல்ல வருகிறான் என்று பார்க்கும் முன்பே சிவப்பு மையால் சுழித்துப் பழகிய கை என்னுடையது. அந்தச் சுவருக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பையன்களோடு அவர் பேசும் விதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருநாள் சாயங்காலம் டப்பாவும் கையுமாக ஒருவன் மாட்டிக்கொண்டான். “யக்கா, சத்தியமா நான் எழுதலக்கா” என்றான்.

“நீ எழுதலன்னு தெரியுன்டா. பாய்ஸ்னு எழுத உனக்கு எங்க வரும்? டப்பாவத் தூக்கறவன் நீ.”

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு ரோஷம் வந்து, “இன்னாக்கா இப்டி சொல்ட்ட, நான் தான் எழுதினேன்” என்றான். “அப்ப நீயே அழி, வா” என்று பிரஷைக் கையில் கொடுத்தார்.

போலீஸில் சொல்லக்கூடாதா என்று கேட்டவர்களுக்கு அவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: “கேஸு விழுந்தா கம்பெனில வேல போய்டும். வேல போனா அவன் எங்க போவான்? செவுத்துக்கிட்ட தான் திரும்ப வருவான்.” டேங்க் பக்கத்தில் முள் அடர்ந்து கிடந்த பேரூராட்சி நிலத்தைச் சுத்தம் செய்யவைத்து, வாலிபால் கம்பம் நட்டார். ஒரு தெரு ஒரு அணி என்று பிரிக்கவிடவில்லை. பெயரைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு அணி பிரித்தார். இரண்டு வருடம் வார்டு அமைதியாக இருந்தது.

இனி சொல்வது தான் நான் சொல்ல வேண்டியது.

அதற்கு அடுத்த வருடம் திருவிழாக் கூட்டத்தில் இடித்துக்கொண்டதில் இரண்டு தெருப் பையன்களுக்கும் ஒரு சண்டை. கேட் தெருப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. மறுநாள் எங்கள் பள்ளியின் பின்சுவரில் எழுத்து வந்தது: ‘பலி வாங்காம விடமாட்டோம்.’ அன்று பிற்பகல் ரோஸ்லின் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“சார், உங்க ஸ்கூல்ல படிச்சவன் தான் எவனோ. இந்தக் கை யாருதுன்னு தெரியுதா? அவன் ஆத்திரத்துல எதுனா பண்றதுக்குள்ள நான் போய் ஒக்காந்து பேசிட்டா போதும். அவன் பேரு வேற யாருக்கும் போவாது.”

படத்தைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன். ‘பழி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பலி’. கேட் தெருவில் ஒரு பையன், இங்கே அவனைச் சதீஷ் என்கிறேன், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ‘ழ’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘ல’ போடுவான். வாழை வாலையாகும், மழை மலையாகும். நூறு முறை எழுதவைத்திருக்கிறேன். “சதீஷ்மா. சந்தேகமே இல்ல” என்றேன்.

“நிச்சயமா சார்?”

“இருபது வருஷமா பேப்பர் திருத்தறேன்மா.”

அவர் நேராக அவன் வீட்டுக்குப் போனார். சாயங்காலம், தெருவே பார்க்க, ஒரு மணி நேரம் அவன் அம்மாவோடும் அவனோடும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். தான் எழுதவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். இவரும் நம்பிவிட்டார். ஆனால் தெரு வேறு கணக்குப் போட்டது. சண்டை நடந்த மறுநாள் கவுன்சிலர் வந்து சதீஷ் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார் என்றால், அவன் எல்லோர் பெயரையும் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சலூன் வாசலில் நின்றவனை அவனுடைய தோஸ்துகளே வெட்டினார்கள். குறுக்கே நீட்டிய வலது கையில் விழுந்தது. ஷூ கம்பெனியில் கத்தி பிடித்துத் தோல் வெட்டுகிற பையன் அவன். நரம்பு போய்விட்டது. அந்தக் கை பிறகு எதையும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் ரோஸ்லினும் சேர்ந்தே போனோம். கை முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழ முயன்றான். “சார், நீங்களாவது நம்புங்க சார். அத நான் எழுதல. நான் எழுதியிருந்தா ‘ழ’ போட்டிருப்பேன். நீங்க தான நூறு வாட்டி எழுத வெச்சீங்க” என்றான்.

நான் கற்றுக்கொடுத்ததை அவன் கற்றுக்கொண்டிருந்தான். அது எனக்குத்தான் தெரியவில்லை. ரோஸ்லின் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, “காலைல இன்னாடா சாப்ட்ட?” என்று கேட்டார்.

தெருப் பஞ்சாயத்து நடந்தபோதும் நான் அங்கே இருந்தேன். சதீஷின் அம்மா எல்லோருக்கும் நடுவே அவரைக் கேட்டார்: “என் புள்ள பேர உனக்கு எவன் சொன்னான்? அத சொல்லு மொதல்ல.”

“யாரும் சொல்லலம்மா. நானா நெனச்சிக்கினு வந்தேன். தப்பு என்னுது தான்.”

அந்த அம்மா அவர் காலடியில் மண்ணை வாரிப் போட்டார். ரோஸ்லின் நகரவில்லை. நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை. “வேணாம் சார். இந்தப் பசங்க வூட்டுல சொல்ல முடியாதத உங்ககிட்ட தான் வந்து சொல்றானுங்க. வாத்தியாரே போட்டுக் குடுத்தாருன்னா அப்பறம் எவன் வருவான்? எனக்கு இன்னா, ஓட்டு கம்மியாவும். அவ்ளோ தான்.” நூலைக் கடித்து அறுத்துவிட்டு, “ஒன்னு செய்ங்க. சதீசுக்கு எடது கையில எழுதக் கத்துக் குடுங்க” என்றார். எட்டு மாதம் கற்றுக்கொடுத்தேன். அவர்தான் கம்பெனியில் பலரிடம் கேட்டு நடந்து, ஸ்டோரில் அவனுக்கு எழுத்து வேலை வாங்கித் தந்தார். அது யார் வாங்கித் தந்தது என்று அவன் அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

அவர் பதவிக்காலம் முடிந்து, பல வருடம் தேர்தலே இல்லாமல் கிடந்து, பிறகு நடந்தபோது அவர் மறுபடி நின்றார். கேட் தெருச் சுவரில் எழுதினார்கள்: ‘நம்ம பையனப் போட்டுக் குடுத்த அக்காவுக்கு ஓட்டா?’ நான் பதறிப்போய் ஓடினேன். அவர் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நின்றிருந்தார். “வாங்க சார். எழுத்துல தப்பு எதுனா இருக்கா பாருங்க” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. அந்தத் தேர்தலில் தோற்றார். திரும்பவும் தையல் வரிசைக்கே போனார். வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவார்.

நான் ஓய்வு பெற்ற அன்றும் போய்க் கேட்டேன். இப்போது சொல்லலாம் அல்லவா, என்னிடம் இனி எந்தப் பையனும் வரப்போவதில்லை என்றேன். “சதீசு உங்க கையால கத்துக்கினவன் சார். அவனுக்கு அது இருக்கட்டும். கலைக்காதீங்க” என்றார். அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை அடக்கம். வேன் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். டேங்க் தெரு வந்தது. கேட் தெருவிலிருந்து சதீஷ் மட்டும் வந்தான். பெட்டியைத் தூக்கும்போது இடது தோளைக் கொடுத்தான். அவன் அம்மா வரவில்லை. வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அத்தனை வருடம் கழித்தும் சாத்தியிருந்த அந்தக் கதவைப் பார்த்தபோதுதான், இனி எனக்கு அவருடைய அனுமதி தேவையில்லை என்று தோன்றியது.

இதை உங்களுக்கு எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்குத்தான் போனேன். நேற்றுக் காலை. அம்மாவும் மகனும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். உன் மகன் பெயரைச் சொன்னது நான், ரோஸ்லின் இல்லை, ஒரு எழுத்துப் பிழையை வைத்துச் சொன்னேன், அதுவும் தப்பாகச் சொன்னேன் என்றேன். சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அவ உயிரோட இருக்கும்போது ஏன் சார் சொல்லல?” என்று மெதுவாகக் கேட்டார். “நான் அவ கால்ல மண்ணள்ளிப் போட்டேனே. அப்ப நீ அங்க தான இருந்த?”

இருந்தேன் என்றேன்.

அவர் எழுந்து, கொடியிலிருந்த சேலையை எடுத்து உதறினார். “எங்க வெச்சிருக்காங்க அவள?” என்று மகனைக் கேட்டார். அவன் என்னைத் தாண்டி வெளியே போய், ஆக்ஸிலேட்டரை இடது கைக்கு மாற்றிவைத்திருந்த வண்டியை எடுத்தான். அம்மா பின்னால் ஏறினார். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வண்டி திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சதீஷ் இனி என்னோடு பேசுவானா என்று தெரியாது. பேசாவிட்டால் அது நியாயம். கேட் தெருக்காரர்களே, நீங்கள் ரோஸ்லின் மேல் வைத்திருந்த கோபம் என்னுடையது. அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு சின்ன விஷயம். இத்தனை வருடமும் தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் “சாப்ட்டீங்களா சார்?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குள் என்னைக் குறை சொல்லும் வேறு எந்தக் கேள்வியும் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரே ஒரு நாளாவது இருந்திருந்தால், நான் அப்போதே சொல்லியிருப்பேன்.