தறிக்கு எதிரே ஒட்டிய படம்

அந்தப் படத்தை என் அண்ணன் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தது அதிலிருந்த பெண்களுக்காக இல்லை, அவர்கள் உடுத்தியிருந்த துணியின் கரைக்காக. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் மணப்பெண்ணின் மூக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாது. கூறைப்புடவையின் முந்தியைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள்.

அண்ணன் புடவைகளுக்கு டிசைன் போடுகிறவன். ஏதோ கிழிந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து பிரித்து விற்ற வண்ணத் தாள் அது. கடலோரத்தில் ஒரு சலவைக்கல் இருக்கை, அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவள் தோளில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பெரிய கடல் எதிரே இருக்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாழ் மாதிரி ஒன்று காலடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. துணியின் விளிம்பில் ஒரு கோடு ஒடிந்து மடிந்து, மறுபடி ஒடிந்து மடிந்து ஓடியது. அண்ணன் அந்தக் கோட்டைக் கட்டம் போட்ட கிராப் தாளில் ஏற்றிக்கொண்டு, படத்தைத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டான்.

அம்மாவுக்கு ரவிக்கைதான் கவலை.

"இன்னா கோலம் இது, நாலு ஆம்பளைங்க வந்து போற எடத்துல" என்று முணுமுணுத்து, மிச்சமிருந்த கிராப் தாளை வெட்டி இருவர் தோளிலும் பசை தடவி ஒட்டினாள். இருவருக்கும் கட்டம் போட்ட ரவிக்கை வந்துவிட்டது. வெறும் தோள்தான் அம்மாவுக்குக் குற்றமாகப் பட்டது. அந்தக் கைகளை அவள் பார்க்கவே இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. அப்பாவுக்கு முதுகு போனபின் தறிக்கு நான் வந்திருந்தேன். கோர்வைப் புடவையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஊடுநூல் சுமந்து ஓடும் நாடாவை வீச ஒருத்தி, வலப்பக்கக் கரைக்கு நாடா வீச இன்னொருத்தி வேண்டும். ஒவ்வொரு இழையிலும் இரண்டு நிறமும் கோத்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் உட்காருவார்கள். எங்கள் தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எதிர் வீட்டுப் பெண்.

அவள் மேல் எனக்கு உயிர். இப்போது எழுத முடிகிறது. அப்போது அதைச் சிநேகம் என்று சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் என்று அவள் வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது. அதற்கும் வேறு பேர் தேடவில்லை. அவளும் அப்படித்தான். நூல் எடுக்கிற சாக்கில் என் கைமேல் அவள் கை வந்து படும், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காது.

மெட்ராஸிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை தனக்குப் புடவை நெய்யச் சொல்ல வந்தார். பட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். கிராப் தாள் ரவிக்கையைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது இங்கிலாந்துல விக்டோரியா காலத்துல வரைஞ்ச படம்மா. அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டுப் பொண்ணுங்க."

"அக்கா தங்கச்சிங்களா?" என்று என் பக்கத்திலிருந்த அவள்தான் கேட்டாள்.

அண்ணன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். "இல்லம்மா. ஒருத்தி மேல ஒருத்திக்குக் காதல். தன் ஊர்ப் பொண்ணுங்களை இப்படி வரைஞ்சா அப்போ வம்பு வந்திருக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்க நாட்டுல உட்கார வெச்சுட்டா, கலைன்னு சொல்லிப் பார்த்துட்டுப் போயிடுவாங்க."

அவர் போன பிறகு நாங்கள் இருவரும் மறுபடி நெய்ய உட்கார்ந்தோம். எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. நாலு இழை ஓடியபின் அவள்தான் தலை நிமிராமல் சொன்னாள்.

"இங்கிலீஷ்காரனுக்குக் கொண்டுபோய் ஒளிச்சி வெக்க ஒரு கிரேக்க நாடு இருந்துதுடி. நாம எங்க போறது? செவிலிமேட்ட தாண்டினா பாலாறு. அதுல ஒளியறதுக்குத் தண்ணிகூட இல்ல."

நான் சிரித்தேன். அவள் 'நாம' என்று சொல்லியிருந்தது அப்புறம்தான் உறைத்தது. நாடாவை வைத்துவிட்டு அழுதேன்.

அடுத்த தையில் அவளுக்கு ஆரணி மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டிலேயே புடவை பார்த்தார்கள். அண்ணன் விரித்த டிசைன்களில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடித்தது அந்தப் படத்துக் கரை. "இதுவே இருக்கட்டும்பா, யாரும் கட்டாததா இருக்குது" என்றாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அரக்கு உடல், பச்சைக் கரை என்று முடிவானது. நெய்ய வேண்டியது நானும் அவளும்.

என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் யோசிக்கிறேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வயிற்றுவலி என்று படுத்தேன், அம்மா கஷாயம் கொடுத்து எழுப்பிவிட்டாள். வேண்டுமென்றே இழையை அறுத்தேன், அவள் எடுத்து முடிந்தாள். மறுபடி அறுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. சீக்கிரம் முடிச்சிடலாம். இழுத்துக்கினே போனா என்னால தாங்க முடியாது."

அதன்பின் நாங்கள் நெய்த வேகத்தில் அதுவரை நெய்ததில்லை. கோர்வை ஓர் இடத்திலும் பிசகவில்லை. அப்பா வந்து தடவிப் பார்த்து, அபூர்வமாக, நல்லா இருக்குது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் முந்தியை முடித்த அன்று அவள் எழுந்து படத்தின் எதிரே நின்றாள். "இவங்க யாருன்னு யாராச்சும் கேட்டா, அக்கா தங்கச்சின்னு மட்டும் சொல்லிடாத" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அம்மா வந்து புடவைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தறியில் நீட்டியிருந்த பாவு நூலிலிருந்து அறுத்தாள். விரலில் மிச்சமிருந்த குங்குமத்தைச் சுவரிலிருந்த இருவர் நெற்றியிலும் இட்டாள். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் யாரும் வெறும் நெற்றியோடு இருக்கக் கூடாது அவளுக்கு. அவர்களுக்கு எங்கள் ஊரில் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அதுதான்.

கல்யாணம் நடந்தது. அந்தக் கரை அவள் காலைச் சுற்றிச் சுற்றி மணவறையை வலம் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவள் ஆரணிக்குப் போய்விட்டாள்.

ஒரு பாவில் மூன்று புடவை வரும். அவளுடையது முதலாவது. இன்னும் இரண்டு, அதே அரக்கு, அதே பச்சைக் கரை, தறியில் காத்திருந்தன. அவள் இடத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாருடி இதுங்க? அக்கா தங்கச்சியா?"

நான் நாடாவை நிறுத்தினேன்.

"இல்ல சித்தி. ஒருத்தின்னா ஒருத்திக்கு உயிரு" என்றேன், வீடு முழுக்கக் கேட்கும்படி.

கதவோரம் ராட்டையில் நாடாவுக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். "கூடப் பொறந்தவளுங்கன்னா உயிரு இருக்காதா பின்ன? நானும் உங்க சித்தியும் இல்ல?"

"அதானே" என்றாள் சித்தி. தன் நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் வீசுவதற்காகக் காத்திருந்தாள்.